இறால், அன்னாசி, பன் கேசரோல்: முதல்முறை செய்பவர்களுக்கு

சென்னையிலிருந்து இரவு ரயில் பிடித்து வரும் சொந்தக்காரர்கள் காலையில் ராமநாதபுரத்தில் இறங்கி, கீழக்கரை வந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்காரும்போது மணி பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் இட்லியோ இடியாப்பமோ வைத்தால் பன்னிரண்டரைக்குத் திரும்பவும் பசிக்கும், நேரே சோற்றையும் போட முடியாது. பசியாறலுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கனமான உணவாக வைத்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அதற்காகத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

கேசரோல் என்றதும் நம் பக்கத்தில் எல்லாரும் இடியாப்பம் சூடு ஆறாமல் வைக்கும் டப்பாவைத்தான் நினைப்பார்கள். ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, அப்படியே வேகவைத்து, அப்படியே மேசைக்குக் கொண்டுவரும் உணவுக்கும் அதே பெயர்தான். ஹவாய் பாணி என்று சொல்லி அமெரிக்காவில் செய்வதில் இனிப்பு ரொட்டி, ஹாம், அன்னாசி, சீஸ், முட்டை, பால் எல்லாம் இருக்கும். ஹாம் என்பது பன்றி இறைச்சி, எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. அது கொடுக்கும் உப்பும் ருசியும்தான் வேண்டும், அதை நம் இறாலும் முண்டு மிளகாயும் இன்னும் நன்றாகவே கொடுக்கும்.

முதல் மூன்று முறையும் எனக்குக் கெட்டுப்போனது, நாலாவது முறைதான் சரியாக வந்தது. பெரும்பாலும் கெடுத்தது ஒன்றுதான்: தண்ணீர். அன்னாசி தண்ணீர் விடும், இறால் தண்ணீர் விடும், தேங்காயின் இரண்டாம் பால் ஊற்றினால் அதுவே பாதி தண்ணீர். கீழே நான் எழுதியிருக்கும் பாதி வேலைகள் இந்தத் தண்ணீரை முன்கூட்டியே வெளியே எடுப்பதற்காகத்தான், அதனால் எதையும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

1. முதலில் நாளைப் பாருங்கள்

இது முந்தின நாள் மதியம் தொடங்கி மறுநாள் காலையில் முடியும் வேலை. கையால் செய்யும் வேலை மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான், மீதியெல்லாம் ஊறுவதற்கும் வேகுவதற்கும் ஆகும் நேரம்.

நாள் குறிக்கும் முன் இரண்டு விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள். அது பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணிக்குத்தான் தொடங்கும், நாம் அவனை (oven, மின்சார அடுப்புப் பெட்டி) போடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். இரண்டாவது, இறால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் நாட்டுப்படகில் வருவது மட்டும்தான் கிடைக்கும், விலையும் ஏறிவிடும். அப்போது எலும்பில்லாத கோழிக்கறிக்கு மாறிக்கொள்ளுங்கள், ருசி கொஞ்சம் மாறினாலும் குறை சொல்ல முடியாது.

2. அவன், பிளக், பாத்திரம்

மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார அவனான சாதாரண ஓடிஜி (OTG) போதும். 28 அல்லது 30 லிட்டர் அளவு இருந்தால் ஆறு பேருக்கான பாத்திரம் தாராளமாக உள்ளே போகும்.

மிக்ஸி மாட்டும் சின்ன பிளக்கில் இதை மாட்டாதீர்கள். அந்தப் பிளக் 6 ஆம்பியர்தான், சுமார் 1,380 வாட் வரைதான் தாங்கும். பெரிய ஓடிஜி 1,500, 1,600 வாட் இழுக்கும். பழைய வீடாக இருந்ததால் நான் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து மாட்டினேன். இருபதாவது நிமிடம் பிளாஸ்டிக் வாடை வந்தது, தொட்டுப் பார்த்தால் பெட்டி வெதுவெதுவென்று இளகியிருந்தது. ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனியாக ஒன்று போடச் சொல்லுங்கள். மின்சாரச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்தான் வரும்.

அவன் புதிதாக வாங்குகிறீர்களா? பில்லையும் வாரண்டி அட்டையையும் வாங்குங்கள், அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று கடையில் நின்றே பாருங்கள். என் அவனில் எட்டாவது மாதம் மேல் கம்பி சூடாகாமல் போனது. கையில் பில் இருந்தது, அட்டையில் முத்திரை இல்லை, அந்த ஒரு குறைக்காக மூன்று முறை கடைக்கு நடக்க வேண்டியதாகிவிட்டது. பில்லைப் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், கடைகளில் தரும் காகிதத்தில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது.

பாத்திரம் கண்ணாடி என்றால் அவனில் வைக்கலாம் என்ற குறி அடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேக் செய்யும் அலுமினிய டிரே போதும். பத்துக்கு எட்டு அங்குலம், இரண்டரை அங்குல ஆழம் என்பது இந்த அளவுக்குச் சரியாக இருக்கும்.

3. வாங்க வேண்டியதும் ஆகும் செலவும்

ஆறு பேருக்கு, கடைசியாகச் செய்தபோது எனக்கு ஆன கணக்கு இது. விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும்.

- இறால், தோலோடு முக்கால் கிலோ (சுத்தம் செய்த பின் 400 கிராம் அளவு நிற்கும்): 300 ரூபாய்
- முட்டை 6: 42 ரூபாய்
- இனிப்பு பன் 8: 80 ரூபாய்
- தேங்காய் 2: 70 ரூபாய்
- அன்னாசி நடுத்தரமாக 1 (பாதிதான் வேண்டும்): 60 ரூபாய்
- சீஸ் 150 கிராம் அளவு: 130 ரூபாய்
- கருப்பட்டி 60 கிராம்: 30 ரூபாய்
- வெண்ணெய், பால் 200 மில்லி, சின்ன வெங்காயம் 15, முண்டு மிளகாய் 4, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, மிளகு எல்லாம் சேர்த்து: 30 ரூபாய்

மொத்தம் 742 ரூபாய். இறாலுக்குப் பதில் கோழி போட்டால் 600க்குள் முடியும்.

பன் என்றால் டீக்கடையில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்குமே, அந்த இனிப்பு பன். உள்ளே ஜாமும் டூட்டி ஃப்ரூட்டியும் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு ரொட்டியில் செய்து பார்த்தேன், இனிப்பும் காரமும் ஒட்டாமல் தனித்தனியாக நின்றது.

தேங்காய்க்கு நம் ஊரில் குறைவில்லை, உச்சிப்புளிப் பக்கத்துத் தோப்புக் காயாக இருந்தால் பால் கெட்டியாக வரும். முற்றிய காயாக, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்பதாகப் பாருங்கள். கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருவது நல்லது. முண்டு மிளகாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. உருண்டையாக, தோல் தடித்து, நல்ல நிறம் கொடுக்கும். நீட்டு மிளகாயில் இந்த நிறமும் மணமும் வராது.

4. பன்னைக் காய வையுங்கள்

முந்தின நாள் மதியமே பன்னை வாங்கி, ஒவ்வொன்றையும் ஆறு துண்டாகப் பிய்த்து, தட்டில் பரப்புங்கள். உள்நாட்டில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரம் வெளியே வைத்தாலே காய்ந்துவிடும். நம் கடற்கரைக் காற்றில் அப்படிக் காயாது, ஈரத்தைக் குடித்து இன்னும் நமுத்துத்தான் போகும். அதனால் அவனில் 120 டிகிரியில் பதினைந்து நிமிடம் வையுங்கள், அல்லது தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டி எடுங்கள். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே லேசான மெதுவோடும் இருந்தால் போதும். புதுப் பன்னில் செய்தால் முட்டைப்பாலைக் குடிக்காது, அடியில் கூழ் மாதிரி உட்கார்ந்துவிடும்.

5. அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான், என் முதல் முறை கெட்டதும் இங்கேதான். வேகாத அன்னாசியில் புரோமிலெய்ன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அரிக்கும். பாலும் முட்டையும் இறாலும் புரதம்தான். நான் பச்சைத் துண்டுகளை அப்படியே போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றது, கீழே பால் திரிந்து கசப்பு ஏறியிருந்தது, இறாலை விரலால் தொட்டால் மாவாக நசுங்கியது. முக்கால் கிலோ இறால். அதைக் கொட்டும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். பாதி அன்னாசியைத் தோல், கண், நடுத்தண்டு நீக்கி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள். அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய் விட்டு, துண்டுகளைப் போட்டு, மூடாமல் வதக்குங்கள். முதலில் சாறு விட்டு வாணலி முழுக்கத் தண்ணீராக நிற்கும், தீயைக் கூட்டி அந்தச் சாறு முழுவதும் வற்றும் வரை விடுங்கள், பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஓரம் லேசாகச் சிவந்து, வாணலியில் ஒட்டத் தொடங்கும்போது எடுங்கள்.

கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள், மண்ணும் தூசியும் நிற்கும். பிறகு தேன் பதத்துக்குக் காய்ச்சுங்கள். இதில் ஒரு ஸ்பூனை அன்னாசியில் ஊற்றிப் புரட்டுங்கள், மீதியைத் தனிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள், காலையில் வேண்டும். கருப்பட்டியைப் பாலில் கரைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், பால் திரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே வெந்ததுதான், அந்த நொதிக் கவலை இல்லை. ஆனால் சர்க்கரைப் பாகில் ஊறிக் கிடக்கும். வடித்து, இதே மாதிரி வதக்கித்தான் சேர்க்க வேண்டும், அப்போது கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

6. இறால்

தலை, தோல் நீக்கி, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, இரண்டு முறை கழுவி, துணியில் ஒற்றி எடுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, ஒன்றிரண்டாக இடித்த முண்டு மிளகாயும் அரை ஸ்பூன் உப்பும் போட்டு, இறாலைச் சேர்த்துப் பெரிய தீயில் மூன்று நிமிடம் மட்டும் புரட்டுங்கள். சுருண்டு நிறம் மாறியதும் அடுப்பை அணைத்துவிட்டு, அது விட்ட தண்ணீரை வடித்து, அந்தத் தண்ணீரைத் தனியாகச் சுண்டவைத்துத் திரும்ப இறால் மேல் ஊற்றுங்கள். ருசி எல்லாம் அதில்தான் இருக்கிறது, கொட்டிவிடாதீர்கள். இதற்கு மேல் வேகவைத்தால் காலையில் அவனில் இன்னொரு முறை வெந்து ரப்பராகிவிடும்.

கோழி என்றால் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இதே மசாலாவில் முழுவதும் வேகும் வரை வதக்குங்கள். இறால் மாதிரி பாதியில் நிறுத்தக் கூடாது.

நன்றாக ஆறட்டும். சூட்டோடு முட்டைக் கலவையில் போட்டால் அங்கங்கே ஆம்லெட் துணுக்குகளாகத் திரளும்.

7. தேங்காய்ப்பாலும் முட்டையும்

இந்த இடத்தில் கீழக்கரைக்காரர்களுக்குக் கற்க அதிகம் இல்லை, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் இனிப்பான வட்டலப்பம் செய்யத் தெரிந்தால் இது பாதி தெரிந்த மாதிரிதான். முதல்முறை நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, "ஏம்மா, வட்டலப்பத்துல பன்னைப் போட்டு அவிக்கப் போறியா?" என்று கேட்டார். ஆமாம், கிட்டத்தட்ட அதுதான்.

தேங்காயைத் துருவி, முக்கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் விட்டு அரைத்து, துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். 300 மில்லி முதல் பால் வேண்டும். அளவு குறைகிறதே என்று இரண்டாம் பாலைச் சேர்த்துவிடாதீர்கள், என் இரண்டாவது முயற்சி அப்படித்தான் போனது, வெந்த பிறகு எண்ணெய் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. குறைகிற அளவுக்கு மாட்டுப்பாலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காய்ச்சி ஆறிய பால் 200 மில்லியைத் தேங்காய்ப்பாலோடு கலந்து, ஆறு முட்டையை உடைத்து ஊற்றி, கரண்டியால் அடியுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம், மஞ்சள் கருவும் வெள்ளையும் ஒன்றானால் போதும். உப்பு அரை ஸ்பூன்தான், ஏனென்றால் சீஸிலும் வெண்ணெயிலும் இறாலிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. மிளகுத்தூள் ஒரு ஸ்பூன். வடிகட்டியில் ஒரு முறை வடித்துவிடுங்கள்.

8. அடுக்குவது

பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, பாதிப் பன், அதன் மேல் இறால் முழுவதும், பாதி அன்னாசி, கொஞ்சம் துருவிய சீஸ், திரும்ப மீதிப் பன். இறால் மேலே வரக் கூடாது, காய்ந்துபோகும். முட்டைப்பாலை மெதுவாகச் சுற்றி ஊற்றி, கரண்டியின் பின்பக்கத்தால் பன்னை அமுக்குங்கள், மேலே இருக்கும் பன்னும் நனைய வேண்டும். விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் விடுங்கள், வேகும்போது உப்பும். மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது ஆறு மணி நேரம்.

மீதி அன்னாசியும் மீதி சீஸும் கருப்பட்டிப் பாகும் காலைக்கு. இரவில் நீண்ட நேரம் மின்சாரம் போய், ஃப்ரிட்ஜுக்குள் குளிர்ச்சியே இல்லாமல் ஆகிவிட்டால் காலையில் அதைச் சமைக்காதீர்கள். முட்டையும் இறாலும் சேர்ந்த பொருள், வீணாகப் போனாலும் பரவாயில்லை.

9. காலையில் நேரக் கணக்கு

பத்தரைக்குப் பரிமாற வேண்டும் என்றால்:

8.30: பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் இந்த நாற்பது நிமிடத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள், சில்லென்ற கண்ணாடி சூடான அவனுக்குள் போனால் விரிசல் விடும்.

8.55: அவனை 180 டிகிரியில் காலியாகச் சூடாக்குங்கள், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும்.

9.10: பாத்திரத்தை ஃபாயில் தாளால் மூடி நடுத்தட்டில் வையுங்கள். 35 நிமிடம்.

9.45: ஃபாயிலை எடுத்துவிட்டு மீதி அன்னாசி, சீஸ், அதன் மேல் கருப்பட்டிப் பாகைக் கோடு கோடாக ஊற்றித் திரும்ப உள்ளே வையுங்கள். முன்பே ஊற்றினால் பாகு கருகிக் கசக்கும்.

10.05: பாருங்கள். நடுவில் கத்தியை இறக்கி எடுத்தால் பால் ஒட்டாமல் வர வேண்டும். பாத்திரத்தை அசைத்தால் நடு மட்டும் வட்டலப்பம் மாதிரி லேசாகக் குலுங்க வேண்டும், அலை அடிக்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, நடுவில் 71 டிகிரி தொட்டால் முட்டை பத்திரமாக வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவில்லை என்றால் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள், மேலே அதிகம் சிவந்தால் ஃபாயிலைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

10.15: வெளியே எடுத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பிள்ளைகள் தட்டை நீட்டுவார்கள், கொடுக்காதீர்கள். உடனே வெட்டினால் உள்ளே இன்னும் உறையாத சாறு ஓடிவந்து துண்டு உடைந்துவிடும். ஆறினால் செங்கல் மாதிரி சதுரமாக எழும்பி வரும், மேலே கருப்பட்டி பளபளக்க, ஓரத்தில் சீஸ் பொன்னிறமாகப் படிந்து, நடுவில் இறால் ரோஸ் நிறத்தில் தெரியும்.

கூட வைக்க எலுமிச்சைத் துண்டும் வெள்ளரிக்காயும் போதும். பாலில்லாத டீ நன்றாக இருக்கும்.

10. அவன் இல்லாதவர்களுக்கு

இட்லிச் சட்டியில் அவிக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். வேகும், ஆனால் மூடியிலிருந்து ஆவி சொட்டி, நாம் பாடுபட்டு எடுத்த தண்ணீர் திரும்ப உள்ளேயே வந்துவிடும். கனமான சட்டியில் ஒரு அங்குல உயரத்துக்கு மணல் போட்டு, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, அப்புறம் பாத்திரத்தை உள்ளே இறக்குவதுதான் நல்ல வழி. கழுவிக் காயவைத்த ஆற்று மணலாக இருக்கட்டும், கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துண்டும் கலந்திருக்கும். சிறு தீயில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசிப் பதினைந்து நிமிடம் பிரியாணிக்குத் தம் போடுவது போல மூடி மேல் கங்கு வைத்தால் சீஸ் சிவக்கும். கங்கு வைப்பதானால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இந்த முறையில் அலுமினியப் பாத்திரம் மட்டும்தான், கண்ணாடி கூடாது.

11. மிச்சம் இருந்தால்

அவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். மறுநாள் வரை தாங்கும். துண்டு துண்டாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு, சிறு தீயில் மூடி வைத்து உள்ளே வரைக்கும் சூடேற்றி, கடைசியில் இரண்டு பக்கமும் முறுகவிட்டு எடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதல் நாள் சாப்பிட்டதைவிட இதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதனால் இப்போதெல்லாம் இரண்டு துண்டை யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்துவிடுகிறேன்.